இடாப்பில் இல்லாத பெயர்கள்

தேர்தல் நாளன்று வாக்குச் சாவடியிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறவன் யாரைத் திட்டுகிறான்? மேசைக்கு அப்பால் இடாப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவைத்தான் திட்டுகிறான். பெயரைத் தேடியவர் அவர். இல்லையென்று சொன்னவர் அவர். அடுத்த ஆளை அழைத்தவரும் அவரே. மறுநாள் கட்சிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் குற்றஞ்சாட்டி அறிக்கை விடுவார்கள். தேர்தல் அதிகாரி ஒரு விளக்கம் அளிப்பார். ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், 1952ஆம் ஆண்டு மே மாதத்துப் பொதுத்தேர்தலின்போது, இவ்வளவு சச்சரவுக்குக்கூட இடமிருக்கவில்லை. நுவரெலியா, தலவாக்கொல்லை, கொட்டகலை, மஸ்கெலியா ஆகிய இடங்களில் ஐந்தாண்டுகளுக்கு முன்னர் மலைச்சரிவுகளிலிருந்து சாரிசாரியாக இறங்கிவந்து வாக்களித்த தோட்டத் தொழிலாளர்கள், இம்முறை கொழுந்துக் கூடையோடு வழக்கம்போல் மலையேறிப் போனார்கள். சாவடி வாசலில் அவர்களை யாரும் கை நீட்டி மறிக்கவில்லை. மறிக்க வேண்டிய அவசியம் இல்லாதபடி, திருப்பியனுப்பும் வேலை முன்பே முடிந்துபோயிருந்தது.

ஒரு தேர்தலில் வாக்காளராக இருந்த மக்கள், தம் லயத்தை விட்டு ஓரடிகூட நகராமல், அடுத்த தேர்தலில் அந்நியர் ஆனது எப்படி? இதற்குப் பொறுப்பு யார்? வகுப்பறையில் இக்கேள்வி எழுந்தால் நாம் ஒரே மூச்சில் விடை சொல்லிவிடுகிறோம்: டி. எஸ். சேனாநாயக்காவும் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும். அவ்விடை தவறன்று. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் ஒருவரை நிறுத்திவிட்டால், கூட்டத்தில் நின்றவர்களைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

கதையைச் சற்றுப் பின்னிருந்தே தொடங்க வேண்டும். 1931ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையில் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தது. டொனமூர் கமிஷனின் சிபாரிசுப்படி இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்த முதல் தேர்தல் அது. இங்கிலாந்திலேயே பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை கிடைத்தது 1928இல்தான். திருச்சியிலோ சேலத்திலோ வயல்வேலை செய்த கூலிப் பெண்ணுக்கு அது கிடைத்ததோ, இந்தியா குடியரசான பின்னர், 1952 ஜனவரியில். ஆக, பஞ்சம் பிழைக்கக் கண்டிச் சீமைக்கு வந்த அக்காள், ஊரில் தங்கிவிட்ட தங்கையைவிட இருபது ஆண்டுகள் முன்னதாக வாக்காளர் ஆனாள். தங்கை முதன்முதலாக வரிசையில் நின்ற அதே ஆண்டில்தான் அக்காளின் பெயர் இடாப்பில் இல்லாமற்போயிற்று. தெற்காசியாவின் ஜனநாயக வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பெண்களையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதியதை நாம் அதிகம் கண்டதில்லை.

1931இல் கிடைத்த உரிமையும் முழுமையான உரிமையன்று. ஐந்தாண்டு வாசம் போதும் என்பதே கமிஷனின் கருத்து. அதை ஏற்றால் தோட்டத் தொழிலாளர் லட்சக்கணக்கில் வாக்காளர் ஆகிவிடுவர் என்று சிங்களத் தலைவர்கள் பலர் அஞ்சினர். சட்டசபையில் டொனமூர் திட்டம் 19க்கு 17 என்ற வாக்குக் கணக்கில் தப்பிப் பிழைத்தது; அதுவும் தேசாதிபதி ஸ்டான்லி வாக்குரிமை நிபந்தனைகளைத் திருத்தியமைத்த பின்னர்தான். திருத்திய விதிப்படி, இலங்கையையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவர் என்று அதிகாரி நம்ப வேண்டும். இல்லையேல் கல்வியும் சொத்தும் காட்ட வேண்டும். அதுவும் இல்லையேல் நிரந்தரக் குடியிருப்புச் சாட்சிப்பத்திரம் ஒன்று பெற வேண்டும். இந்தியத் தொழிலாளர் என்ற முறையில் கிடைத்துவந்த விசேட சட்டப் பாதுகாப்புகளைக் கைவிடச் சம்மதித்தால்தான் அச்சாட்சிப்பத்திரம் கிட்டும். ஒரு கையில் வாக்குச் சீட்டைக் கொடுக்க மறு கையிலிருந்து எதையேனும் பிடுங்க வேண்டும் என்ற எண்ணம், பாருங்கள், அப்போதே பிறந்துவிட்டது.

இத்தனை முட்களுக்கு நடுவிலும் சுமார் ஒரு லட்சம் இந்தியத் தமிழர் 1931ஆம் ஆண்டு இடாப்பில் இடம்பெற்றனர். ஹட்டன் தொகுதியில் பெரி. சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகித் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியும் ஆனார். தலவாக்கொல்லையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கம் சென்றார். 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹட்டன் தொகுதி கோ. நடேசய்யரைத் தேர்ந்தெடுத்தது.

நடேசய்யரின் பெயரைச் சொல்லும்போது அக்காலத் தோட்டம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டம் என்பது துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். தொழிலாளி வாழும் லயமும் அந்தச் சொத்துக்குள்ளேதான் இருந்தது. ஆகவே அவனைப் பார்க்க வருகிற உறவினனுக்குக்கூடத் துரையின் தயவு வேண்டும். தொழிற்சங்கக்காரனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் புகுந்தார் என்று மலையகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூடுமிடங்களில் பாட்டுப் பாடி அரசியல் சொன்னார். அன்றைய தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு நிறம். அந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எழுத்தறியாத பெண் ஒருத்திக்கு அரசியலில் முதற்பாடம் ஒரு நிறமாகவும் ஒரு பாட்டாகவும் வந்து சேர்ந்தது. அப்பாடத்தை அவள் விரைவிலேயே கற்றுக்கொண்டாள் என்பதுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

1939ஆம் ஆண்டளவில் இந்திய வாக்காளர் தொகை 2 லட்சத்து 25 ஆயிரம் வரை ஏறியது. 1943இல் அது 1 லட்சத்து 68 ஆயிரமாகக் குறைந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் எங்கும் போய்விடவில்லை. இடாப்பைத் தயாரித்த அதிகாரிகள் நிரந்தர வசிப்பிடத்துக்கான சான்றைக் கடுமையாகக் கேட்கத் தொடங்கினார்கள், அவ்வளவே. இந்தக் காலத்தில் பொதுத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்தல் இல்லாத காலத்தில் சத்தமின்றி இடாப்பைச் சுருக்கலாம் என்று கண்டுகொண்டவர்கள் பின்னர் அதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். கிராமச் சபைகளிலிருந்தோ தோட்டத் தொழிலாளர் 1937இலேயே ஒதுக்கப்பட்டுவிட்டனர்.

இதே ஆண்டுகளில்தான் தோட்டங்களில் தொழிற்சங்கம் வேரூன்றியது. 1939 ஜூலையில், நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலீஸ் குண்டுக்குப் பலியானார். சமசமாஜிகள் அந்தப் போராட்டத்தில் தொழிலாளியின் பக்கம் நின்றார்கள்.

பின்னர் வந்தது 1947ஆம் ஆண்டு. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பல நாட்களாக நடந்த அப்பொதுத்தேர்தலில் மலைநாடு இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கொல்லையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரையில் டி. இராமானுஜம் ஆகியோர் அவர்கள். இவ்வேழு தொகுதிகளோடு விஷயம் முடியவில்லை. தோட்ட வாக்குகள் சிதறிக் கிடந்த வேறு பல தொகுதிகளில் அவை இடதுசாரி வேட்பாளருக்கே விழுந்தன. 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42. சுயேச்சைகளின் தோளில் சாய்ந்துதான் சேனாநாயக்கா மந்திரிசபை அமைத்தார். அந்த மந்திரிசபை முதலில் யாரை நினைத்துப் பயந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய சரித்திர ஆராய்ச்சி தேவையில்லை. தமிழன் என்பதற்காக மட்டும் தோட்டத் தொழிலாளியின் வாக்கு பறிக்கப்பட்டது என்போர் பாதி உண்மையையே சொல்கின்றனர். அவன் தொழிலாளியாகவும் இருந்தான், தொழிலாளியாகவே வாக்களித்துமிருந்தான்.

1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரஜாவுரிமை மசோதா. நவம்பர் 15இல் சட்டம் அமுலுக்கு வந்தது. 18ஆம் இலக்கச் சட்டமாகிய அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நல்லது. அதில் தமிழன் என்ற சொல் இல்லை. இந்தியன் என்ற சொல் இல்லை. தோட்டம் என்ற சொல்லும் இல்லை. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்கிறது சட்டம். தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி. பார்த்தால் எவ்வளவு நியாயம்!

ஆனால் மாத்தறையிலோ குருநாகலிலோ வாழ்ந்த சிங்கள விவசாயியிடம் அவன் தந்தையின் பிறப்புப் பத்திரத்தை யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேரால் காட்டியிருக்க முடியும்? யாழ்ப்பாணத்தானிடம்தான் கேட்டார்களா? கேட்கப்பட்டவன் தோட்டத் தொழிலாளி ஒருவனே. அவனுடைய தந்தையின் பிறப்பு எங்கே பதிவாகியிருக்கும்? காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்ட காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்துவந்த கூட்டத்தின் பிள்ளைகள் அவர்கள். லயத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தோட்டத்து அலுவலகம் அறிவித்தால் உண்டு. தொழிலாளியின் கையில் இருந்த காகிதம் எது? கங்காணியின் கடன் கணக்குக்கூட அவன் கையில் இல்லை; அது கங்காணியிடம் இருந்தது. செக்ரோல் துரையின் அலுவலகத்தில் இருந்தது. முன்னொரு காலத்தில் இருந்த துண்டுச் சீட்டு அவனைத் தோட்டத்தோடு கட்டிப்போடப் பயன்பட்டது. அவனை நாட்டோடு சேர்க்க அது உதவவில்லை. ஒரு நூற்றாண்டுக் காலம் காகிதம் முழுவதையும் அதிகாரத்தின் பக்கமே வைத்துக்கொண்டு, கடைசியில் ஒருநாள் "எங்கே உன் காகிதம்?" என்று கேட்டார்கள்.

1946ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் 7 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். இலங்கைத் தமிழரைவிடச் சற்று அதிகம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு சட்டத்தால் நாடற்றவர் ஆயினர்.

மறு ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் சட்டம், விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்தது. 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவனுக்கு வாக்கில்லை என்று பெரிய கதவை மூடியது. சிறு கதவின் நிபந்தனைகளைப் பாருங்கள். மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு இடைவிடாத வாசம். ஓராண்டுக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் வாசம் அறுந்தது. போதிய வருமானம் காட்ட வேண்டும். மனைவியும் உடன் வாழ்ந்திருக்க வேண்டும். தாய் செத்த செய்தி கேட்டு ஊருக்குப் போனவனிடமும், தம்பிக்குப் பத்து ரூபாய் மணியாடர் அனுப்பியவனிடமும், உனக்கு இந்த நாட்டில் உண்மையான பற்று உண்டா என்று விசாரணையில் கேட்டார்கள். இலாபத்தை முழுக்க முழுக்க லண்டனுக்கு அனுப்பிய கம்பெனிகளிடம் இக்கேள்வியை யாரும் கேட்டதாக நமக்குத் தெரியாது.

விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். 1951 ஆகஸ்டில் அது முடிந்தது. இவ்விடத்தில் இந்தியன் காங்கிரஸின் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் அநீதியானது என்று கூறி அது முதலில் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. அநீதி என்றது சரியே. ஆனால் அவகாசம் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பாடு மனம் மாறி, விண்ணப்பியுங்கள் என்று சொன்னபோது எஞ்சியிருந்த காலம் சொற்பம். கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. இவர்கள் இந்நாட்டில் தங்க விரும்பாத நாடோடிகள் என்ற வாதத்துக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா? பத்தாண்டுக்கு மேல் இழுத்தடித்த விசாரணைகளின் முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்.

நீதிமன்றத்தின் வாசலையும் தட்டிப் பார்த்தார்கள். 1950இல் கேகாலைப் பக்கத்து ருவன்வெல்லத் தொகுதியில் கோடகன்பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்குமாறு கேட்டார். பிரஜை அல்ல என்று பதிவதிகாரி மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம், பெயரைச் சேர்க்கும்படி உத்தரவிட்டார். சோல்பரி அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத இடையூறு விதிக்கும் சட்டத்தைத் தடுக்கிறது. ஆகவே பிரஜாவுரிமைச் சட்டம் செல்லாது என்பது அவர் கொண்ட நியாயம். சிறிய உத்தியோகம், பெரிய தீர்ப்பு. முதநாயக்க என்ற பதிவதிகாரி உயர் நீதிமன்றம் சென்றார். 1951இல் அவ்வுத்தரவு நீக்கப்பட்டது. கோடகன்பிள்ளை லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1953இல் அங்கும் தோற்றார். தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான கடமை என்றது பிரிவி கவுன்சில். சட்டத்தின் சொற்களில் சமூகத்தின் பெயர் இல்லையே!

இங்கே உலகத்தின் வேறு இரண்டு நீதிமன்றங்களை நினைவுகூர விரும்புகிறோம். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம், 1866 ஜனவரி முதல் தேதியன்று வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் சந்ததியாருக்கு எழுத்தறிவுச் சோதனை வேண்டாம் என்று விதி செய்தது. அந்த விதியிலும் கறுப்பர் என்ற சொல் இல்லை. ஆனால் 1866இல் எந்தக் கறுப்பரின் பாட்டனார் அங்கே வாக்காளராக இருந்தார்? அந்தப் பாட்டனார் சூழ்ச்சியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இலேயே கண்டுகொண்டு அவ்விதியைச் செல்லாதென்றது. நிறவெறிக்குப் பேர்போன தென்னாப்பிரிக்காவிலும், கேப் மாகாணத்துக் கலப்பின வாக்காளரைப் பொது இடாப்பிலிருந்து அகற்றிய சட்டத்தை அந்நாட்டு மேல் நீதிமன்றம் 1952 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. மலானின் கட்சி செனட்டையே பெருக்கிக் குறுக்குவழியில் 1956இல்தான் தன் எண்ணத்தை முடிக்க முடிந்தது. கொழும்பில் அந்தச் சிரமமும் தேவைப்படவில்லை. பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்ட சட்டம் லண்டனின் ஆசியோடு நிலைத்தது.

1952 மே மாதத்துக்கு மீண்டும் வருவோம். 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியில் வாக்காளர் 19 ஆயிரத்துக்கு மேல். 1952இல் மூவாயிரத்துக்கும் கீழே. நுவரெலியாவில் 24 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒன்பதாயிரத்துச் சொச்சமாயினர். தொகுதி எல்லைகள் மாறவில்லை. தொகுதிகளை வகுத்தபோது தலைக்கணக்கு எடுத்தது மொத்தச் சனத்தொகையை வைத்து: 75 ஆயிரம் பேருக்கு ஓர் ஆசனம், நிலப்பரப்புக்காக மேலும் சில. தோட்டத் தொழிலாளியும் அவன் மனைவியும் கைக்குழந்தையும் அக்கணக்கில் சேர்ந்திருந்தார்கள். அவர்களின் வாக்கு போயிற்று. அவர்களின் தலைகள் கொணர்ந்த ஆசனங்கள் போகவில்லை. எஞ்சியிருந்த சில ஆயிரம் வாக்காளர் ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்தனர். ஆளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அவன் வாயை அடைக்கும் இந்த விந்தையைப் பார்க்கும்போது, அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக எண்ணித் தம் ஆசனங்களைப் பெருக்கிய பழைய அமெரிக்கத் தென்மாநிலத்தாரே நம் நினைவுக்கு வருகிறார்கள். இங்கே முழு மனிதனாகவே எண்ணினார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், ஏப்ரல் இறுதியில், இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நான்கு மாதத்துக்கு மேல் அது நீடித்தது. தேர்தல் அதைப் பொருட்படுத்தாமல் நடந்து முடிந்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு இம்முறை 54 ஆசனங்கள். அதற்குப்பின் 1977 வரை, கால் நூற்றாண்டு, மலையகத் தொழிலாளர் தம் வாக்கால் ஒருவரைக்கூடப் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியவில்லை. 1960இல் தொண்டமான் உள்ளே போனதும் நியமன உறுப்பினராகத்தான்.

பொறுப்பாளி யார் என்று மறுபடி கேட்போம். சேனாநாயக்காவின் பங்கைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை. ஆயினும், கண்டி விவசாயியின் கோபத்தை அவர் பயன்படுத்தினார் என்றால், அக்கோபம் எங்கிருந்து வந்தது? 1840ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டத்தால் காடும் சேனையும் இழந்தவன் அவன். அவனிடமிருந்து நிலத்தைப் பறித்தவன் வெள்ளைத் தோட்டமுதலாளி. பார்வையில் பட்டவனோ பக்கத்து மலையில் கொழுந்து பறித்த தமிழன். பறிகொடுத்த இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுத் துரைமார் தேநீர் அருந்தினர். அவர்களுக்கு வேண்டியவை கைகள். அக்கைகளில் வாக்குச் சீட்டு இருப்பது அவர்களுக்கு என்றுமே பிடித்ததில்லை.

தமிழ்த் தலைமைக்கு வருவோம். ஜி. ஜி. பொன்னம்பலம் முதல் சட்டத்துக்கே ஆதரவாக வாக்களித்தார் என்று மேடைகளில் சொல்வதுண்டு. அது சரியன்று, 1948 ஆகஸ்டில் அவர் எதிர்த்தே வாக்களித்தார். அடுத்த மாதம் மந்திரி ஆனார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் மசோதாவை ஆதரித்தார். நான்கே மாத இடைவெளி. செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி கண்டதற்கு இதுவே உடனடிக் காரணம். இன்று மலைநாட்டுத் தமிழனுக்கு நேர்ந்தது நாளை வடகிழக்குத் தமிழனுக்கும் நேரும் என்று அவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை பலித்தது. எனினும், யாழ்ப்பாணத்துச் சமூகம் அக்காலத்தில் மலையகத்தானைத் 'தோட்டக்காட்டான்' என்றுதான் அழைத்தது என்பதையும், அச்சொல்லை உச்சரித்த வாய்களுக்கு 1948 பெரிய இழப்பாகத் தோன்றவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

டில்லியோ இவர்கள் இலங்கையின் மக்கள் என்றது. கொழும்பு இவர்கள் இந்தியாவின் மக்கள் என்றது. நேரு கொள்கையளவில் உறுதியாகவே நின்றார். ஆனால் 1954 ஜனவரியில் கொத்தலாவலையோடு செய்த உடன்பாட்டில், பிரஜையாகப் பதிவானவர்களையும் பத்தாண்டு தனி இடாப்பில் வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டபோது கணக்கு வேறுவிதமாயிற்று. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். தொழிலாளியைக் கேட்டவர் எவருமில்லை. கேட்கும்படி கட்டாயப்படுத்தும் ஒரே கருவியான வாக்கு அவனிடம் இல்லையே! தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களில் பல கூடலூர், கோத்தகிரித் தேயிலைக் காடுகளில் மறுபடியும் கொழுந்துக் கூடை சுமந்தன.

நமக்கு மிகவும் சங்கடமான பகுதியை இறுதியில் வைத்திருக்கிறோம். 1948இலும் 1949இலும் பாராளுமன்றத்தில் தோட்டத் தொழிலாளிக்காக வலுவாகக் குரல் கொடுத்தவர்கள் இடதுசாரிகள்: என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன். இச்சட்டங்கள் தொழிலாளி வர்க்கத்தின் மேல் விழுந்த அடி என்று அவர்கள் கூறியது சரித்திரத்தில் நிற்கும். கோடகன்பிள்ளை வாக்குக் கேட்டுப் போராடிய ருவன்வெல்ல, என். எம். பெரேராவின் சொந்தத் தொகுதி. அதே என். எம். பெரேரா 1964 ஜூனில் நிதி மந்திரியானார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது அவர் அமர்ந்திருந்த மந்திரிசபையின் பெயரால்தான். பதினாறு ஆண்டுகளில் என்ன மாறியது? தொழிலாளி மாறவில்லை. அவன் வாக்கில்லாதவன் ஆகிவிட்டான். வாக்குள்ளவர்களைத் தேடிக் கட்சி போயிற்று. இதை எதிரிகள் சொல்லும்போது கோபித்துக்கொள்ளும் நம் நண்பர்கள், நாமே சொல்லும்போதாவது சிந்திக்க வேண்டும்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். உள்நாட்டுக் கலவரத்தில் கப்பல் 1984இல் நின்றது. 1986இலும் 1988இலும் சட்டங்கள் இயற்றி எஞ்சிய பலருக்குப் பிரஜாவுரிமை அளித்தார்கள். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் மிச்சமிருந்தோரையும் சேர்த்துக்கொண்டது. பாராளுமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் அதை ஒருமனதாக ஆதரித்தன. ஐம்பத்தைந்து ஆண்டு நாடற்றிருந்தவர்களுக்கு எதிராக ஒரு வாக்குகூட விழவில்லை என்றால், அந்த ஐம்பத்தைந்து ஆண்டும் எதற்காக என்று கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை போலும்.

மறு ஆண்டே, 2004இல், வாக்காளர் தம் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்று ஒரு தேர்தல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அது வேண்டியதுதான். ஆனால் அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழைத் தேடிப் போனால் மீண்டும் அதே தோட்டத்துக் காகிதம்தான். இம்முறை இடாப்பில் பெயர் இருந்தது. கையில் அட்டை இல்லாதவர்கள் மலையகத்தில் ஏராளமாக இருந்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் தற்காலிக அட்டை கொடுத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. பதிவுத் துணையாளர்கள் லயம் லயமாகப் போய்ப் பார்த்தபோது சிக்கல் பெரும்பாலும் பெயரிலேயே இருந்தது. பிறந்தபோது ஒரு கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று. செக்ரோலில் சுருக்கி எழுதிய பெயர் இன்னொன்று. பள்ளிக்கூடத்து இடாப்பில் வாத்தியார் திருத்தி எழுதியது வேறொன்று. மூன்றும் அவளுடைய பெயர்கள்தாம். எது அவள் என்று மேசைக்கு அப்பால் இருந்தவருக்குத்தான் விளங்கவில்லை.